றசீனா அக்காவின் எட்டு மணிச் செய்தி

சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டு, முதலில் படத்தை மட்டும் பார்க்கிறார். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய பிளாசாவின் பின்புறத்தில் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் நிற்கிறது. சாரதி இருக்கையில் கறுப்பு முக்காடும், குளிர் ஜாக்கெட்டும், அதற்கு மேல் கண்ணைக் கூசவைக்கும் பச்சைப் பாதுகாப்பு அங்கியுமாக றசீனா அக்கா. ஸ்டியரிங்கில் ரப்பர் பட்டியால் கட்டிய போனில் கொழும்பின் இரவுச் செய்தி ஓடுகிறது. கையில் பிளாஸ்க் மூடி நிறைய, பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீ. "முதல்ல ஆரு நிக்கிறா, ஆரு இரிக்கிறா எண்டு பாக்கணும் தம்பி. சத்தத்தப் போட்டா அவங்க செல்றதுதான் கேக்கும்" என்கிறார். 'சொல்' என்பது அவருடைய ஊர்ப் பேச்சில் 'செல்'.

இரண்டு நிமிடம் கழித்துச் சத்தம் வருகிறது. வாசிப்பவர் கைகூப்பி வணக்கம் சொன்னால் இவரும் தலையை ஆட்டுவார். "ஆ, சரி, செல்லுங்க." பொய் என்று பட்டால் பிளாஸ்க் மூடியை டாஷ்போர்டில் வைத்துவிட்டு, "போங்க போங்க" என்று கையை விசிறுவார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, காலி பஸ்ஸில் ஒரு அம்மா ஸ்டியரிங்கோடு சண்டை பிடிப்பதாகத் தோன்றும். அந்தப் பிளாசாவின் கோப்பிக் கடையில் வேலை செய்யும் பெண் ஒருநாள் வந்து கண்ணாடியில் தட்டி, சுகமா என்று கேட்டிருக்கிறாள்.

காலை ஒன்பதேகாலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால், பிற்பகல் இரண்டேகால் வரை அவருக்கு ஓய்வு. வீடு நடந்து போகும் தூரம்தான். கணவர் இஹ்லாஸ் குளிரூட்டி திருத்தப் போயிருப்பார், வீட்டில் பெரிய ரீவி சும்மாதான் இருக்கும். ஆனாலும் பஸ்ஸிலிருந்தே பார்ப்பார். "வீட்ட போனா சட்டி பானை கூப்பிடும். இஞ்ச ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க."

இலங்கையை வடக்குத் தெற்காக நீட்டி வைத்தால் ரொறன்ரோவில் தொடங்கி மொன்றியலை எட்டாது. அந்தத் துண்டு நிலத்துக்குள் மூன்று மொழிகளில் இருபதுக்கு மேற்பட்ட ரீவிச் சனல்கள். றசீனா அக்காவுக்கு அவற்றின் உண்மையான பெயர்கள் தேவைப்படுவதில்லை. அரசாங்கத்தின் சனல் 'மாப்பிள்ள வீடு'. எது நடந்தாலும் தங்கள் பையனைப் புகழ்ந்துகொண்டிருக்கும். எதிலும் குறை காணும் தனியார் சனலொன்று 'மாமியா'. அழுகிற ஆட்களைத் தேடிப்போய் மைக்கை நீட்டும் இன்னொன்று 'ஒப்பாரி'. நாடகமும் பாட்டுப் போட்டியும் ஓடி, நடுவில் மூச்சு வாங்கச் செய்தி சொல்வது 'கலியாண வீட்டு ஸ்பீக்கர்'. ஒரே நிலையத்தின் தமிழ்ச் செய்தியும் சிங்களச் செய்தியும் கூடப்பிறந்தவை என்று நான் நினைத்திருந்தேன். "ஒண்டுவிட்ட சகோதரம் கூட இல்ல. சிங்களத்தில அஞ்சி நிமிசம் போனது தமிழில அர நிமிசம். அந்த நாலர நிமிசத்திலதான் தம்பி செய்தி இரிக்கி" என்று திருத்தினார்.

சிங்களம் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. கிழக்கிலங்கையின் சம்மாந்துறையில் அவருடைய வாப்பா ஒரு கறுப்பு வெள்ளை ரீவி வாங்கிவைத்த காலத்தில், ஒன்று விடாமல் சிங்கள நாடகம் பார்த்துப் படித்தது. ஆகவே அவருடைய சிங்களத்தில் ஏசுவதற்குச் சொற்கள் குறைவு. அழுவதற்கும், மன்னிப்புக் கேட்பதற்கும், மருமகளை வீட்டுக்கு அழைப்பதற்கும் தாராளமாக உண்டு. செய்திச் சிங்களத்தைப் பிறகு சொல்லுக்குச் சொல் தானே சேர்த்துக்கொண்டார்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். நான் ரொறன்ரோவின் அரசியல் ஆய்வாளர்களில் ஒருவன். 'அரசியல் ஆய்வாளர் பிரதாபன்' என்று திரையில் என் நெஞ்சுக்குக் குறுக்கே எழுத்து ஓடும். எழுத்துக்குப் பின்னால் கோட்டும் ரையும், மேசைக்குக் கீழே ஜீன்ஸும் பனிச் சப்பாத்தும். பிழைப்புக்குக் காப்புறுதி விற்கிறேன். எங்கள் தொலைக்காட்சி ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே காற்றுத் துப்பாக்கியால் சக்கர ஆணி கழற்றும் சத்தம் எழும்போது நான் பேச்சை நிறுத்திக் கூரையைப் பார்ப்பேன். நேயர்கள் அதை ஆழ்ந்த சிந்தனை என்று எடுத்துக்கொள்வதாக உரிமையாளர் சூசைதாசன் அண்ணை சொல்கிறார். அவர்தான் கமராக்காரரும், ஒலிக்காரரும், வாசலைத் திறப்பவரும்.

ஒவ்வொரு வேலைநாளும் காலை பத்து மணிக்கு என் 'நாட்டு நடப்பு' நேரலை. ஒன்பது ஐம்பதுக்கு றசீனா அக்கா எனக்குப் போன் எடுப்பார். மூன்று மொழிச் சனல்களிலும் அன்று என்ன ஓடியது, எதை எவன் மறைத்தான் என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிப்பார். நான் அதைக் கேட்டு, 'கொழும்பு வட்டாரங்களின் தகவல்படி' என்று சேர்த்துக்கொள்வேன். கொழும்பு வட்டாரம் வெக்ஸ்போர்ட்டில், பின் சக்கரத்தில் உப்புப் படிந்த பஸ்ஸில் இருக்கிறது என்பது சூசைதாசன் அண்ணைக்கு மட்டும் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோடையில் இங்கே ஒன்பதரை என்றால் அங்கே இரவு ஏழு, அதாவது மாமியாவின் நேரம். நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியதும் அதே ஒன்பதரைக்கு அங்கே எட்டு, அதாவது மாப்பிள்ளை வீட்டின் நேரம். அக்காவின் தேநீருக்கு முன்னால் வந்து நிற்கும் சனல் மாறிவிடும். அதனால் என் ஆய்வு கோடையில் அரசாங்கத்தைக் கிழிக்கும், குளிர்காலத்தில் ஓரளவு தட்டிக்கொடுக்கும். பருவத்துக்கு ஒரு கட்சி மாறுகிறான் என்று ஒரு நேயர் கடிதம் எழுதினார். நான் நடுநிலைமை பற்றி அரை மணி நேரம் பேசிப் பதில் சொன்னேன்.

போன நவம்பர் கடைசியில் இலங்கையின் கிழக்கில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக எல்லாச் சனலிலும் வெள்ளம். நான்காம் நாள் காலை ரொறன்ரோவில் முதற்பனி கொட்டியது. பள்ளிக்கூட பஸ்கள் ஒரு மணி நேரம் பிந்தும் என்று அறிவித்தார்கள். ஒன்பது ஐம்பதாயிற்று, அக்காவின் போன் வரவில்லை. ஓடும் பஸ்ஸில் போனைத் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஒன்பது ஐம்பத்தாறுக்கு என் போனில் நானே ஒரு சிங்களச் சனலைத் திறந்தேன்.

என் சிங்களத்தின் வரலாறு சிறியது. வெளிநாடு வரக் காத்திருந்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இரண்டு வருடம் கிடந்தேன். பஸ்ஸின் சிங்களப் பலகையை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினேன். அந்த லொட்ஜில் தண்ணீர் மோட்டார் வாரத்தில் ஐந்து நாள் உடைந்திருக்கும். "கெடிலா, கெடிலா" என்று காவலாளி கத்துவான். ஆகவே 'கெடிலா' என்றால் உடைந்துவிட்டது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சனலின் அடியில் சிவப்புப் பட்டியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. கூட்டி வாசித்தேன். நாவலஞ்சேனை. 'வெவ்' என்றால் குளம். 'பெம்ம' என்றால் கட்டு. அடுத்து வந்தது என் பழைய நண்பன், கெடிலா.

குளக்கட்டு உடைந்துவிட்டது! வேறொருவர் உதவியில்லாமல் நானே கண்டுபிடித்த முதற் செய்தி. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கமரா முன்னால் ஓடினேன்.

"சற்று முன் எமக்குக் கிடைத்த பிரத்தியேகச் செய்தி" என்று தொடங்கினேன். நாவலஞ்சேனைக் குளத்தின் கட்டு உடைந்தது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். குளம் உடைந்தால் கீழே இருக்கும் ஊர் மூழ்கத்தானே வேண்டும் என்று நானே தீர்மானித்து, கிராமம் முழுதாக நீரில் மூழ்கியுள்ளது என்று சேர்த்துச் சொன்னேன். பிறகு நீர்ப்பாசனக் கொள்கையின் தோல்விகள் பற்றி இருபது நிமிடம். கீழே டயர் கழற்றும் சத்தம் கூட அன்று எனக்கு மேளம் போலக் கேட்டது.

எங்களிடம் இரண்டு தொலைபேசி இணைப்புகள் உண்டு. வழக்கமாக ஒன்றில் மட்டும், பழைய பாட்டுப் போடச்சொல்லி ஒரு முதியவர் எடுப்பார். அன்று இரண்டும் விடாமல் எரிந்தன. கமராவுக்குப் பின்னால் சூசைதாசன் அண்ணை இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். "பிரதாபன், நீர் கலக்கிப்போட்டீர்" என்று என் காதுக்குள் இருந்த கருவியில் சொன்னார். எனக்குப் புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

முதல் அழைப்பு, ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கும் அஜக்ஸிலிருந்து வந்தது. "நான் மாமாங்கம் கதைக்கன். அது என்ட ஊர். என்ட பெரியக்கா அங்கதான் இரிக்கா. கட்டு எந்தப் பக்கத்தால உடஞ்ச? வடக்கு மூலையாலயா, தெக்கு மூலையாலயா?"

எனக்கு எந்த மூலையும் தெரியாது. "விபரங்கள் வந்துகொண்டிருக்கின்றன ஐயா" என்றேன்.

"தெக்கால உடஞ்சா எங்கட வீடுவளவு முதல் போயிரும் தம்பி. ராவையிலிருந்து அங்க போன் வேலை செய்யிதில்ல. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"எமது செய்தியாளர்கள் தொடர்பில் இருக்கிறார்கள்" என்றேன். மறுமுனையில் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வீரிட்டு அழும் சத்தம் நேரலையில் கேட்டது. சூசைதாசன் அண்ணை அவசரமாக விளம்பரத்துக்குப் போனார். மீன் மலிவு விற்பனை விளம்பரம்.

நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடத்தில் அந்தத் துண்டை அண்ணை இணையத்தில் ஏற்றிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு, பத்தே முக்காலுக்கு றசீனா அக்கா போன் எடுத்தார். வழக்கத்தில் அவர் சலாம் சொல்லி, சாப்பிட்டீங்களா என்று கேட்டுத்தான் தொடங்குவார்.

"தம்பி, எந்தச் சனல் பாத்தீங்க?"

சொன்னேன்.

"கீழ ஓடினத வாசிச்சீங்களா?"

"ஓம் அக்கா. வெவ் பெம்ம கெடிலா எண்டு கிடந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசிச்சனான்" என்றேன், சிறிது பெருமையோடு.

"அதுக்குப் பொறகு?"

"அதுக்குப் பிறகு நான் நியூஸுக்குப் போயிற்றன்."

"அதுக்குப் பொறகு 'நே' எண்டு ஒரு சொல்லு வரும் தம்பி. கெடிலா நே. உடயல்ல. உடஞ்ச எண்டு அங்க கத பரவியிரிக்கி. இல்ல எண்டு செல்லத்தான் அத ஓட விட்டிரிக்காங்க. கொளத்து வான்கதவத் தொறந்து தண்ணிய விட்டு, ஆக்கள முதல் நாளே பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டாங்க."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். ஒரு சின்னச் சொல். அது திரைக்குள் வந்து சேர இரண்டு விநாடி எடுத்திருக்கும். ஒரு ஊரையே மூழ்கடித்துவிட்டு நான் ரையைச் சரிசெய்யப் போயிருந்தேன்.

"நாளைக்குப் பத்து மணிக்குத் திருத்தம் சொல்லிவிடுறன் அக்கா" என்றேன்.

"நாளைக்குப் பத்து மணி வரைக்கும் அந்தப் பெரியக்கா மௌத்தா இரிக்கணுமா?"

மாமாங்கத்தின் எண்ணுக்கு அடித்தோம். விடாமல் வேறு யாரோடோ பேச்சில் இருந்தது. போன வருடம் எங்கள் தீபாவளிப் போட்டியில் அரிசிக் குக்கர் வென்றவர் என்று சூசைதாசன் அண்ணைக்கு நினைவு வந்தது. பதிவைத் தேடி விலாசம் எடுத்துத் தந்தார். போனில் கேட்ட அக்கா, "வாறன், நேர போவம்" என்றார். இணையத்திலிருந்து அந்தத் துண்டை இறக்கச் சொன்னேன். "ஆயிரம் பேர் பாத்திட்டினமடாப்பா" என்று மெல்ல முனகிவிட்டு இறக்கினார்.

கால் மணியில் அக்காவின் பழைய கார் டயர்க் கடை வாசலில் நின்றது. பச்சை அங்கியைக்கூடக் கழற்றவில்லை. 401 நெடுஞ்சாலையில் பனி வாரும் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். நான் வாய்க்குள் மன்னிப்பு ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். 'தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்' என்பது வரை வந்துவிட்டது.

அக்கா வீதியை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "அங்க வந்து ஆய்வு செய்யாதீங்க தம்பி."

அஜக்ஸில் அந்த வீட்டு வாசலில், பனிக்கு மேல் இருபது சோடிச் சப்பாத்துகள் கிடந்தன. அதே தெருவில் மூன்று வீடுகள் மாமாங்கத்தின் சொந்தக்காரர்களுடையவை. உள்ளே சோபாக்களைச் சுவரோடு தள்ளி நிலத்தில் பாய் விரித்திருந்தார்கள். மாமாங்கத்தின் மனைவி கோணேஸ்வரி தலைவிரிகோலமாக, "என்ட மச்சாளே" என்று அழுதுகொண்டிருந்தார். சுவரில் இருந்த பெரிய ரீவியில் யாரோ போனிலிருந்து பெரியக்காவின் படத்தை அனுப்பி நிறுத்தியிருந்தார்கள். அதில் அவர் பாதி திரும்பி, கையால் முகத்தை மறைக்கப் பார்க்கிறார். அதைவிட நல்ல படம் கிடைக்கவில்லையாம்.

என்னைக் கண்டதும் ஒருவர் எழுந்து வந்தார். "நீங்க ரீவியில கதைக்கிற ஆள்தானே? நல்லதாப் போச்சு. அறிவித்தல் எழுதிட்டம். தமிழ் சரியா எண்டு ஒருக்காப் பாருங்க" என்று தாளை நீட்டினார். 'இயற்கை அனர்த்ததில் அகால மரணமடைந்தார்' என்று இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை எடுத்து, 'அனர்த்தத்தில்' என்று திருத்தினேன். உயிரோடு இருக்கும் ஒரு மனுசியின் மரண அறிவித்தலில், விட்டுப்போன ஒரு எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார்.

பக்கத்தில் நின்ற றசீனா அக்கா அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "மாமாங்கம் அண்ணன் ஆரு?" என்று கேட்டார். மூலையில் கதிரையில், போனைக் காதில் வைத்தபடி இருந்த பெரிய உடம்புக்காரர் நிமிர்ந்தார்.

"அண்ணன், நான் றசீனா, சம்மாந்துற. இந்தப் பிரதாபன் தம்பி உங்களுக்கிட்ட ஒரு விசயம் செல்ல வந்திரிக்கார். அந்த ரீவிய நான் கொஞ்சம் எடுத்துக்கவா?"

பதிலுக்குக் காத்திராமல் தன் போனை ரீவியோடு இணைத்தார். பெரியக்காவின் படம் போய், காலையில் நான் பார்த்த அதே சனல் வந்தது. பின்னோக்கி ஓட்டி, சிவப்புப் பட்டி தொடங்கும் இடத்தில் நிறுத்தினார். "வாசிங்க தம்பி. சத்தமா."

இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். வாசித்தேன். "நாவலஞ்சேன... வெவ்... பெம்ம... கெடிலா..."

"நிப்பாட்டாதீங்க."

திரையின் வலது ஓரத்தால் அந்தச் சொல் மெல்ல உள்ளே வந்தது.

"நே" என்றேன்.

"நே எண்டா இல்ல எண்டுதானே?" என்று மாமாங்கம் கேட்டார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"ஓம் அண்ணை. உடையேல்லை. நான் கடைசிச் சொல்லை வாசிக்காமல் சொல்லிப்போட்டன். ஊர் மூழ்கினது எண்டது நானாச் சேர்த்தது. செய்தியாளரும் ஒருத்தரும் இல்லை."

ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்லும் இதில் இல்லை. கோணேஸ்வரி எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப ஏன் தம்பி சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மாமாங்கம் றசீனா அக்காவைப் பார்த்தார். "இவர் காலையில உடஞ்ச எண்டார். இப்ப இல்ல எண்டார். நான் எதப் புள்ள நம்புற?"

"இவரையும் நம்பாதீங்க, என்னையும் நம்பாதீங்க. எல்லாத்தையும் பாப்பம்" என்று அக்கா பாயில் உட்கார்ந்தார். ஒவ்வொரு சனலாகத் திறந்து, சொல்லுக்குச் சொல் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு அமைச்சர், முழங்கால் அளவு தண்ணீரில் உயிர்காப்பு அங்கியோடு படகில் வந்தார். அந்த ஊர் பற்றி அங்கே ஒன்றுமில்லை. தமிழ்ச் செய்தியில் மாவட்டத்தின் பெயர் மட்டும் ஒருமுறை வந்தது. பிறகு மாமியா. அதில் ஒரு பள்ளிக்கூட மண்டபம், பாயும் பையுமாக ஆட்கள். சாப்பாடு பிந்தி வந்தது, கறியில் உப்பில்லை என்று ஒருவர் மைக்கில் முறையிட்டார். "நாவலஞ்சேன ஆக்கள்தான் எண்டு செல்றாங்க. இவங்க குத்தம் தேடுற ஆக்கள் அண்ணன். ஒரு ஆள் மௌத்தாகியிருந்தாலும் சோத்தப் பத்திக் கதைச்சிக்கொண்டிரிக்க மாட்டாங்க."

மாமாங்கம் திடீரென்று எழுந்தார். "நிப்பாட்டுங்க. கொஞ்சம் பின்னுக்குப் போங்க."

கமரா மண்டபத்தின் இடதுபக்கம் திரும்பும்போது, ஒரு பெண் சட்டென்று முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்புகிறார். நீலச் சேலை, தோளில் துவாய். முகம் ஒரு கணமும் தெரியவில்லை.

"பெரியக்கா" என்றார்.

"முதுகத்தானே காட்டுறா. எப்படித் தெரியும்?" என்று அறிவித்தல் எழுதியவர் கேட்டார்.

"டேய், என்ட கலியாண வீடியோ முழுக்க அவ முதுகுதான்டா. கமராவக் கண்டா ஒளிப்பா. ரெண்டு மணித்தியாலம் ஓடுது, ஒரு இடத்தில மூஞ்சி இல்ல."

கோணேஸ்வரி ரீவிக்குக் கிட்டப் போய் அந்த முதுகைத் தொட்டுப் பார்த்தார். அழுகையும் சிரிப்புமாக, "ஓம், மச்சாள்தான். அந்தத் துவாய் நான் குடுத்தனுப்பின" என்றார். அந்த மூன்று விநாடியை மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் பெரியக்கா திரும்பி ஒளிந்துகொண்டார், ஒவ்வொரு தடவையும் வீடு ஆர்ப்பரித்தது.

பன்னிரண்டரைக்கு, அந்தப் பள்ளிக்கூட முகாமில் இருந்த வேறொருவரின் போன் வழியாகத் தொடர்பு கிடைத்தது. மாமாங்கம் ஸ்பீக்கரில் போட்டார். "அக்கா! அக்கா!" என்று கத்தினார்.

"என்னத்துக்குடா இந்த நேரத்தில கத்துறாய்? இஞ்ச பதினொரு மணி. ஆக்கள் படுத்துக் கிடக்காங்க" என்று ஒரு கரகரத்த குரல் அதட்டியது. அதற்குமேல் அந்த வீட்டில் யாராலும் எதையும் கேட்க முடியவில்லை.

செத்த வீட்டுக்கென்று அயலார் கொண்டுவந்து வைத்த சோற்றையும் சாம்பாரையும் எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு தந்தார்கள். மாமாங்கம் என்னோடு பேசவில்லை. வாசலில் சப்பாத்துப் போடும்போது மட்டும் பின்னால் வந்து நின்றார். "நாளைக்குச் சொல்லுங்க தம்பி. நடந்ததெல்லாத்தையும் சொல்லுங்க. அரைவாசியில நிப்பாட்டாதீங்க" என்றார். பிறகு, "ரோட்டு வழுக்கும், பாத்துப் போங்க" என்று றசீனா அக்காவுக்கு மட்டும் சொன்னார்.

மறுநாள் பத்து மணிக்குச் சொன்னேன். கொழும்பு வட்டாரம் யார் என்பதையும், என் சிங்களம் ஒரு தண்ணீர் மோட்டாரிடம் படித்தது என்பதையும், மரண அறிவித்தலில் நான் திருத்திய எழுத்தையும் சொன்னேன். இரண்டு இணைப்பும் எரிந்தன. ஏச்சுத்தான். சூசைதாசன் அண்ணை கட்டைவிரலைத் தூக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "அந்த பஸ் ஓட்டுற மனிசியையே கமராவுக்கு முன்னால இருத்துவமோ? நீர் பக்கத்தில இருந்து தலையை ஆட்டும்" என்றார். என்னைவிட நல்ல யோசனை அவருக்கு வந்ததில் எனக்கு ஒரு கணம் பொறாமை கூட வந்தது.

அதைக் கேட்கத்தான் அன்று பின்னேரம் அவர் பஸ்ஸை நிறுத்தும் தரிப்பிடத்துக்குப் போனேன். நாலே முக்காலுக்கு மஞ்சள் பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. கண்ணாடிகள் வழியே காலி இருக்கைகள் தெரிந்தன. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறார். படியில் ஏறி நின்று விசயத்தைச் சொன்னேன். தனி நாற்காலி, பெயர்ப் பலகை, கோப்பி, எல்லாம் உண்டு என்றேன்.

"பொறுங்க தம்பி, வேல முடியல்ல. ஆராவது புள்ள நித்திரையாக் கிடக்குதா எண்டு பாக்கணும்" என்றார்.

இயந்திரத்தை அணைத்துவிட்டு எழுந்தார். முதல் வரிசையில் குனிந்து, இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். அடுத்த வரிசை, இடதுபுறம், வலதுபுறம். ஒன்றில் ஒரு சின்னக் கையுறை கிடந்தது, எடுத்துப் பைக்குள் போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு வரிசை விடாமல், குனிந்தும் நிமிர்ந்தும் நடந்து பின்பக்கம் வரை போனார். கடைசி இருக்கைக்கு அடியிலும் போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் 'பஸ்ஸில் ஒருவருமில்லை' என்ற பலகையை எடுத்துப் பின் கண்ணாடியில் தொங்கவிட்டார்.